கப்பலில் எத்தனை பந்தி?

ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில், பதினேழாவது தளத்தில் ஒரு சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது. பெயர் கோஸ்டல் கிச்சன். அதே கப்பலில் தனிக் கட்டணம் வாங்கும் ஸ்டேக் உணவகம் உண்டு, ஜப்பானிய உணவகம் உண்டு. காசைக் கட்டினால் யாரும் போய் உட்காரலாம். இங்கே அது செல்லாது. இங்கே நுழைய வேண்டுமானால் சூட் எனப்படும் பெரிய அறைகளில் ஒன்றை எடுத்திருக்க வேண்டும். அல்லது அந்த நிறுவனத்தின் கப்பல்களிலேயே வருடக்கணக்கில் பயணம் செய்து, வாடிக்கையாளர் திட்டத்தின் உச்சியில் இருக்கும் பினாக்கிள் கிளப்பை எட்டியிருக்க வேண்டும். வாசலில் நிற்பவர் பார்ப்பது பர்ஸை அல்ல, அறை அட்டையை. சூட்காரர்களுக்குள்ளும் படிநிலை இருக்கிறது. ஜூனியர் சூட்காரருக்கு இரவுச் சாப்பாடு மட்டும்தான். அதற்கு மேற்பட்ட அறைகளில் இருப்பவர்களுக்குக் காலை, மதியம், இரவு மூன்றும் உண்டு. செலிபிரிட்டி நிறுவனத்தின் கப்பல்களில் இந்த இடத்தின் பெயர் லூமினே. எம்எஸ்சியில் யாட் கிளப், நார்வீஜியனில் ஹேவன் என்று தனி வளாகமே உண்டு. அதற்குள் தனி உணவகம், தனி நீச்சல்குளம், தனிக் கவனிப்பு. ஆக, இது ஒரு நிறுவனத்தின் விசித்திரம் அல்ல. தொழிலே இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

கூடுதலாகப் பணம் கொடுப்பவர் கூடுதல் ருசியோடு சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. சத்திரத்துக்கும் நட்சத்திர ஓட்டலுக்கும் நடுவே எத்தனையோ கடைகள் இருக்கின்றன. அவரவர் கைக்கு ஏற்றபடி உள்ளே போகிறோம். நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று இருப்பதை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஒரே பந்தியில் ஒருவர் இலைக்கு நெய்யும், பக்கத்து இலைக்கு வெறும் பருப்பும் விழுந்தால்தான் அதற்கு ஓரவஞ்சனை என்று பெயர். கப்பல் நிறுவனங்கள் தாங்கள் நடத்துவது தனிப் பந்தி என்கின்றன. கணக்கையும் கப்பலின் தளப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் தனிப் பந்திக்கான நெய்யில் ஒரு பங்கு பொதுப் பந்தியின் இலையிலிருந்து எடுக்கப்பட்டிருப்பது தெரிகிறது. என் வழக்கு அதைப் பற்றியது.

கொஞ்சம் பழைய கதையைப் பார்த்துவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அட்லாண்டிக்கைத் தாண்டிய ஏழைக் குடியேறிகள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே மூட்டை கட்டிக்கொண்டு வந்து, கப்பலிலேயே சமைத்துத் தின்றார்கள். 1912-ல் டைட்டானிக் புறப்பட்டபோது மூன்றாம் வகுப்புக்கும் மேசை, நாற்காலி போட்ட சாப்பாட்டுக்கூடம் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். அதே கப்பலில், முதல் வகுப்புக்குள்ளேயே இன்னும் மேலே ஒரு படியாக, லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் நடத்திய தனி உணவகமும் இருந்தது. அந்த வகுப்புச் சுவர்களை உடைத்தது சமத்துவக் கொள்கை அல்ல, ஜெட் விமானம். கண்டம் தாண்டுகிறவர்கள் ஆகாயத்துக்குப் போய்விட, கப்பல்காரர்கள் பிழைப்புக்காக விடுமுறையை விற்கத் தொடங்கினார்கள். ராயல் கரீபியனின் முதல் கப்பலான சாங் ஆஃப் நார்வே 1970-ல் வந்தது. கார்னிவல் நிறுவனம் 1972-ல் தொடங்கியது. இந்தப் புதிய கப்பல்களில் ஜன்னல் இல்லாத கேபின்காரரும் பெரிய அறைக்காரரும் ஒரே கூடத்தில், இரண்டு பந்தியாக, ஒரே மெனுவைச் சாப்பிட்டார்கள். அறையின் அளவு வேறு, சாப்பாடு ஒன்று. நடுத்தரக் குடும்பங்களைக் கடலுக்கு இழுத்துவந்த கவர்ச்சியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. க்யூனார்டு நிறுவனம் மட்டும் பிடிவாதமாகப் பழைய வழியில் நின்றது. அதன் க்வீன் மேரி 2 கப்பலில் இன்றைக்கும் எந்த அறை எடுக்கிறீர்களோ அதற்கேற்பத்தான் சாப்பாட்டுக்கூடம்: பிரிட்டானியா, பிரின்சஸ் கிரில், க்வீன்ஸ் கிரில். அதை ஒளிக்காமல் அறையின் பெயரிலேயே சொல்லி விற்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் திரும்பி வந்த பாதை வேறு. எம்எஸ்சி 2008-ல் ஃபான்டாசியா கப்பலில் யாட் கிளப்பைத் திறந்தது. செலிபிரிட்டி 2015-ல் லூமினேயைக் கொண்டுவந்தது. ராயல் கரீபியன் 2016-ல் தன் சூட்களை சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று வகுப்பாகப் பிரித்தது. ஸ்டார் வகுப்புக்காரருக்கு ஜீனி என்று ஒரு தனி உதவியாளர் உண்டு. கட்டண உணவகங்களும் இலவசம். வகுப்பு என்ற சொல்லையே ஒரு காலத்தில் கெட்ட வார்த்தைபோல் ஒதுக்கிய தொழில், அதே சொல்லைத் தூசி தட்டி விளம்பரத்தில் போடும் அளவுக்கு வந்துவிட்டது.

இதில் என் வாதத்துக்கு மிகவும் உதவும் சாட்சி, ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பதினேழாவது தளம்தான். ராயல் கரீபியனின் நிறுவனர்களில் ஒருவரான எட்வின் ஸ்டீபன், சியாட்டில் நகரத்தின் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, கப்பலின் புகைபோக்கியைச் சுற்றி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூடம் வைக்க வேண்டும் என்று யோசித்தார். அதுதான் வைக்கிங் கிரௌன் லவுஞ்ச். 1970-லிருந்து அந்த நிறுவனத்தின் கப்பலைத் தொலைவிலேயே அடையாளம் காட்டியது அந்தக் கூடம்தான். யார் வேண்டுமானாலும் ஏறிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கலாம். ஒயாசிஸ் வகைக் கப்பலான அல்யூர், 2015-ல் பழுதுபார்ப்புத் தளத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, பதினேழாவது தளத்தில் வைக்கிங் கிரௌன் லவுஞ்ச் இருந்த இடத்தில் கோஸ்டல் கிச்சன் வந்திருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஹார்மனி கப்பல் அந்த ஏற்பாட்டுடனேயே கட்டப்பட்டது. அல்யூரின் நீளம் கூடவில்லை, தளம் கூடவில்லை. எல்லாருடைய ஜன்னல் சிலருடைய ஜன்னலாக மாறியது, அவ்வளவுதான்.

தரையில் இருக்கும் ஓட்டலோடு கப்பலை ஒப்பிடுவது இந்த இடத்தில்தான் பொருந்தாமல் போகிறது. சென்னையில் ஓர் ஓட்டல் தன் மொட்டைமாடி உணவகத்தை அறைவாசிகளுக்கு மட்டும் என்று மூடினால், வெளியாள் அடுத்த தெருவுக்குப் போவார். வேறு ஒருவர் இன்னொரு மொட்டைமாடியைத் திறப்பார். நடுக்கடலில் அடுத்த தெரு கிடையாது. கப்பல் என்பது மூடிய கணக்கு. ஒரு சதுர அடியை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்து எடுத்தாக வேண்டும். தனி வளாகங்கள் கப்பலின் மேல்தளங்களில், நல்ல காட்சி கிடைக்கும் இடங்களாகப் பார்த்து வைக்கப்படுகின்றன. எம்எஸ்சி யாட் கிளப் முன்பக்கத்தின் உயரத்தைப் பிடித்துக்கொள்கிறது. கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் நுழையும்போது எதிரே விரியும் காட்சிதான் கப்பல் பயணத்துக்கே உரிய சுகம். அந்தக் காட்சியைப் பார்க்கும் இடத்துக்குச் சாவி போடப்படுகிறது. கப்பலுக்குள் வேறு நிறுவனம் வந்து போட்டிக் கடை போட முடியாது என்பதால், சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்ற சமாதானமும் பயணம் தொடங்கிய பிறகு எடுபடாது.

இப்போது சாப்பாட்டுக் கணக்கு. ராயல் கரீபியன் குழுமத்தின் 2023-ம் ஆண்டு வருவாய் சுமார் 1,390 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்று வந்தது சுமார் 957 கோடி. கப்பலுக்குள் செலவழிக்க வைத்தது உள்ளிட்ட மற்ற வகையில் வந்தது சுமார் 433 கோடி. அதாவது, பத்து டாலரில் மூன்று டாலர் டிக்கெட்டுக்கு வெளியே வருகிறது. அதே ஆண்டில் உணவுப் பொருள்களுக்கு ஆன செலவு சுமார் 82 கோடி டாலர். கப்பல் ஊழியர்களின் சாப்பாடும் அதற்குள் அடக்கம். ஒரு பயணி ஒரு நாள் கப்பலில் இருப்பதை ஓர் அலகாகக் கொண்டால், அந்த ஆண்டு அப்படி ஏறக்குறைய 5 கோடி அலகுகள். வகுத்துப் பாருங்கள். ஒரு பயணிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு, பதினேழு டாலர். காலை பஃபேயில் தட்டு நிரம்ப எடுத்து வீணாக்கியதிலிருந்து இரவு ஸ்டேக் வரை எல்லாம் அதற்குள். அதே கப்பலின் ஸ்டேக் உணவகத்தில் ஒருவர் ஒரு வேளை சாப்பிடக் கொடுப்பது இதைப்போல் பல மடங்கு. டிக்கெட்டோடு சேர்ந்து வரும் பொதுச் சாப்பாடு நிறுவனத்துக்குச் செலவு. அதைவிட்டு வெளியே வந்து சாப்பிடுவது வருமானம். இந்த நிலையில் பொதுக்கூடத்துச் சாப்பாடு அமோகமாக இருப்பது வியாபாரத்துக்கு நல்லதா என்று ஒரு மேலாளர் யோசித்தால், அவரைக் கெட்டவர் என்று சொல்லத் தேவையில்லை. கணக்கு அவரை அங்கே கொண்டு நிறுத்துகிறது.

ஃபிரான்சில் ஜூல் டூப்வி என்றொரு பொறியாளர் இருந்தார். பொருளாதாரம் பேசிய பொறியாளர்களில் முன்னோடி. ரயில் வந்த புதிதில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை கிடையாது, பலகை இருக்கையில்தான் உட்கார வேண்டும். வெயிலும் மழையும் ஏழைகளின் தலையில். கூரை போடக் காசு இல்லாமலா கம்பெனி இப்படிச் செய்கிறது என்று 1849-ல் கேட்டு, அவரே பதிலும் எழுதினார். கூரைக்கு ஆகும் சில்லறைச் செலவு பொருட்டே அல்ல; இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஏழையை வதைப்பது நோக்கமல்ல, வசதிக்காரரைப் பயமுறுத்துவது நோக்கம். அடி மட்டும் ஏழைக்கு விழுகிறது. விலை வேறுபாட்டைப் பற்றி அதற்குப் பிறகு எழுதப்பட்ட பல புத்தகங்களின் சாரம் இந்த ஒரு கவனிப்பில் இருக்கிறது. மேல் வகுப்பை விற்க இரண்டு வழி: மேலதை உயர்த்துவது, கீழதைத் தாழ்த்துவது. இரண்டாவது வழிதான் எப்போதும் மலிவு.

கப்பலில் கூரையைப் பிடுங்கவில்லை; அந்த அளவுக்கு நான் சொல்ல வரவில்லை. ஆனால் சின்னச் சின்ன ஓடுகள் கழன்றிருக்கின்றன. அறைக்கே கொண்டுவந்து தரும் சாப்பாடு ஒரு காலத்தில் டிக்கெட்டில் அடங்கியிருந்தது. ராயல் கரீபியன் 2017-ல், எளிய காலைச் சிற்றுண்டி தவிர மற்றதற்கெல்லாம் ஒரு தடவைக்கு 7.95 டாலர் வாங்க ஆரம்பித்தது. கார்னிவல் கப்பல்களின் பொதுக்கூடத்தில், ஒரே இரவில் மூன்றாவது முதன்மை உணவு கேட்டால் 5 டாலர். மூன்று தட்டுக் கறி எவருக்கு வேண்டும், உணவு வீணாவது குறையட்டுமே என்று கேட்கலாம். அந்த விதிக்காக மட்டும் என்றால் நானும் கை தூக்குவேன். ஆனால் பொதுக்கூடத்து மெனுவிலேயே விலை போட்ட ஸ்டேக், விலை போட்ட கடலுணவு என்று தனிப் பகுதி வந்துவிட்டது. எல்லாம் சேர்த்துக் கட்டியாயிற்று என்று நம்பி உட்கார்ந்தவர், மெனுவைத் திறந்தால் பாதியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே டாலர் குறி. அந்தக் கோடு ஒவ்வொரு வருடமும் எங்கே இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எதிர்வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சூட்காரர் கொடுக்கும் பெரிய தொகையால்தான் ஜன்னல் இல்லாத கேபின் மலிவாகக் கிடைக்கிறது. அவர் தனிக்கூடத்தில் சாப்பிடட்டும், கீழே இருப்பவருக்கு டிக்கெட் விலை குறையட்டும், இதில் யாருக்கு நஷ்டம்? இதில் உண்மை இருக்கிறது. பெரிய கப்பலைக் கட்டும் கடனை அடைக்க எல்லா வகை அறைகளும் வேண்டும். மேல்தட்டில் வரும் லாபம் அடித்தட்டின் விலையைத் தாங்குவது பல தொழில்களில் நடப்பதுதான். ஆனால் கேபின்காரருக்குக் கிடைத்த விலைக் குறைப்பு அவருக்குக் காட்டப்படுவதே இல்லை. அவர் வாங்கும்போது விளம்பரத்தில் இருப்பது முழுக் கப்பலின் படம். வைக்கிங் கிரௌன் ஜன்னலும் சேர்ந்த படம். ஏறிய பிறகு அதில் எத்தனை சதுர அடி தனக்கு இல்லை என்று தெரிகிறது. மலிவு விமானக்காரன் சாப்பாடு இல்லை, பெட்டிக்குத் தனிக் காசு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மலிவாக விற்கிறான். எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்த பேரம் அது. கப்பலில் விற்கப்படுவது எல்லாம் அடங்கிய விடுமுறை என்ற பெயர். அந்தப் பெயர் இருக்கும்வரை மானியம் என்ற வாதம் பாதிதான் நிற்கும்.

இரண்டாவது எதிர்வாதம், தேர்வு கூடியிருக்கிறதே என்பது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் இருபது தளங்கள். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். சாப்பிடவும் குடிக்கவும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள், அவற்றில் கணிசமானவற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை. 1970-ன் பயணிக்கு ஒரு கூடம், ஒரு மெனு. இன்றைய சாதாரணப் பயணி அன்றைய பெரிய அறைக்காரரைவிட அதிக வகை சாப்பிடுகிறார் என்பதை மறுக்க முடியாது. மறுக்கவும் போவதில்லை. வகை கூடியது, ஆனால் ஒரு மேசைக்கு எத்தனை கைகள் பரிமாறுகின்றன, ஒரு தட்டு அடுப்பிலிருந்து வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பவை வகைப் பட்டியலில் தெரியாது. தனிக்கூடத்தில் ஒரு பரிமாறுநருக்கு மேசை குறைவு, சத்தம் குறைவு, வரிசை கிடையாது. விற்கப்படும் பொருள் அங்கே மீனோ கறியோ அல்ல, காத்திருக்காமை. ஐயாயிரம் பேர் இருக்கும் கப்பலில் வரிசைதான் பெரிய தொல்லை. அந்தத் தொல்லையிலிருந்து விடுதலையை விற்பவருக்கு, தொல்லையை முழுவதும் ஒழிக்கும் ஆசை எப்படி வரும்? டூப்வியின் கூரை இங்கே வரிசையாகத் திரும்பி வருகிறது.

பொறாமையைத் தத்துவமாக்காதே என்பார்கள் சிலர். அதைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. கேத்தரின் டிசெல்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இருவர் 2016-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் விமானப் பயணிகளின் ரகளைகளை ஆராய்ந்து எழுதினார்கள். முதல் வகுப்பு இருக்கும் விமானங்களில், சாதாரண வகுப்பில் ரகளை நடக்கும் வாய்ப்பு 3.84 மடங்கு என்பது அவர்கள் கணக்கு. முதல் வகுப்பைக் கடந்து பின்னால் போகும்படி ஏறினால் அது மேலும் கூடுகிறது; விசித்திரம், முதல் வகுப்புக்காரரின் முரட்டுத்தனமும் கூடுகிறது. இந்த ஆய்வின் புள்ளியியல் முறையை மற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள்; ரகளை என்பதே அரிதான நிகழ்ச்சி என்பதால் எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனாலும் கப்பல்காரர்கள் தங்கள் அனுபவத்திலேயே இதே பாடத்தைக் கற்றிருக்கிறார்கள் என்பது அவர்கள் கட்டும் முறையிலேயே தெரிகிறது. ஹேவனுக்கும் யாட் கிளப்புக்கும் அட்டை காட்டினால் திறக்கும் தனிக் கதவுகள். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது, வெளியே இருக்கும் வரிசை உள்ளே தெரியாது. பொறாமைக்கு இது நல்ல மருந்து. என் வழக்கு பொறாமையைப் பற்றியதாக இருந்திருந்தால் கதவைச் சாத்தியதும் முடிந்திருக்கும். கதவுக்குப் பின்னால் போன இடம் போனதுதான்.

இனி வாடிக்கையாளர்கள். இவர்கள் நிலைமை சூட்காரர்களைவிடச் சுவாரஸ்யமானது, கொஞ்சம் பரிதாபமும்கூட. பணத்தால் வாங்கிய சலுகை வேறு, உழைத்துச் சேர்த்த சலுகை வேறு. பழைய வாடிக்கைக்கு மளிகைக்கடைக்காரர்கூட ஒரு கை அதிகம் போடுவார், அதைக் குறை சொல்லலாமா? சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கைப்பிடி எப்படி அளக்கப்படுகிறது என்று பாருங்கள். ராயல் கரீபியனின் கிரௌன் அண்ட் ஆங்கர் திட்டத்தில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. பினாக்கிள் கிளப்புக்கு 700 புள்ளி. சாதாரணக் கேபினில் இருவராக, வருடத்துக்கு ஒரு வாரம் என்று போகும் தம்பதி நூறு வருடம் போனால் அந்த மேசையில் உட்காரலாம். சூட்டில் போனால் இரவுக்கு இரண்டு புள்ளி. அவருக்கு ஐம்பது வருடம் போதும். ஆனால் அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? சூட்காரர்தான் முதல் நாள் சாயங்காலமே அதே கூடத்தில் உட்கார்ந்தாயிற்றே. எழுநூறு இரவுகளின் விசுவாசமும் ஒரே ஒரு ரசீதும் ஒரே வாசலில் சரிசமமாக நிற்கின்றன. விசுவாசத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அதைச் சொல்வதைவிட, விசுவாசத்துக்கு ஒரு விலை போடப்பட்டது என்று சொல்வது பொருத்தம்.

அந்த விலையையும் ஒரு தரப்பு மட்டுமே மாற்றலாம். விமானங்களில் இது நடந்து முடிந்துவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் தொடங்கிய திட்டம் பறந்த தூரத்தைக் கணக்கு வைத்தது. உலகமே அதைப் பார்த்துத் தொடர்ந்தது. 2015-ல் டெல்டாவும் யுனைடெடும், 2016-ல் அமெரிக்கனும், தூரத்துக்குப் பதில் செலவழித்த டாலருக்கு மைல்கள் தருவதாக மாற்றிக்கொண்டன. கப்பலில் கார்னிவல் அந்தப் பாதையில் இறங்கியிருக்கிறது. இதுவரை பயண நாட்களைக் கணக்கிட்ட வாடிக்கையாளர் திட்டத்தை மாற்றி, செலவைக் கணக்கிடும் புதிய திட்டம் 2026 ஜூனில் வரும் என்று 2025-ல் அறிவித்தது. சிறு கேபினில் பல வருடம் வந்துபோன பழைய வாடிக்கையாளர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் சேர்த்தது சொத்து என்று நினைத்தார்கள். நிறுவனத்தின் பார்வையில் அது எப்போதும் நினைத்தால் திருத்தக்கூடிய ஒரு பட்டியல். இங்கே ஓர் உள்முரணும் இருக்கிறது. சலுகை எட்டியவர்கள் பெருகப் பெருக, சலுகை இடம் நெரிசலாகிறது; தனி லவுஞ்சில் நாற்காலி கிடைக்காமல் வாடிக்கையாளரே வாடிக்கையாளரை முறைக்கிறார். நெரிசலைத் தீர்க்க நிறுவனம் இன்னொரு படி மேலே கட்டுகிறது, அல்லது அளவுகோலைப் பணத்துக்கு மாற்றுகிறது. இரண்டிலும் பழையவர் கீழே வருகிறார்.

தனிச் சாப்பாட்டையே ஒழிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். அது நடக்கவும் போவதில்லை. வேறு வழியில் ஆடம்பரத்தை விற்கலாம் என்பதற்குக் கடலிலேயே உதாரணம் இருக்கிறது. வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் எல்லா அறைக்கும் பால்கனி. எந்த உணவகத்துக்கும் யாருக்கும் தனிக் கட்டணம் கிடையாது. டிக்கெட் விலை அதிகம். வசதிக்காரருக்கான கப்பல், அதில் சந்தேகமே இல்லை. அங்கேயும் பெரிய அறைக்காரர் உணவக மேசையை முன்கூட்டியே பதிவு செய்யலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் கதவு எல்லாருக்கும் திறக்கிறது. முந்திக்கொள்வது மட்டும்தான் வித்தியாசம். பந்திக்கு முந்துவது வேறு, பந்தியே இல்லை என்பது வேறு. பெரிய கப்பல்களை நடத்துபவர்கள் கோஸ்டல் கிச்சன் மாதிரி இடங்களை மதிய வேளையிலாவது கட்டணத்துக்குத் திறக்கலாம், அல்லது ஒரு பயணத்தில் ஒருமுறை குலுக்கல் முறையில் கேபின்காரர்களை அழைக்கலாம். பினாக்கிள் வரை வந்தவர்களுக்குக் கிடைக்கும் சாப்பாட்டு உரிமையை, குறைந்தது இன்ன தேதிவரை மாறாது என்று எழுத்தில் கொடுக்கலாம். இதில் எதற்கும் நிறுவனம் திவாலாகாது. மதியம் அந்தக் கூடங்களில் பாதி மேசை காலியாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இதெல்லாம் மயாமிக்காரர்களின் கவலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல், 1990-ல் ராயல் கரீபியனில் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. பழைய கப்பல் இங்கே வந்ததுபோல் பழைய, புதிய வியாபார முறைகளும் வரும். கடல் விடுமுறை நம் பக்கம் இப்போதுதான் நடுத்தர வீடுகளின் பேச்சில் நுழைந்திருக்கிறது. சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் ஏறும் குடும்பங்களும் பெருகுகின்றன. பயண முகவர் முன்னால் உட்கார்ந்து கேபின் விலையைக் கேட்கும்போதே கப்பலின் தளப் படத்தையும் வாங்கி மேசையில் விரித்துக்கொள்ளலாம். எந்தக் கூடத்துக்குச் சாவி, எந்த மேல்தளத்துக்குச் சாவி, டிக்கெட்டில் அடங்கிய சாப்பாடு எத்தனை இடத்தில், கோட்டுக்குக் கீழே டாலர் குறி எங்கிருந்து தொடங்குகிறது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லலாம். முகவருக்குத் தெரியவில்லை என்றால் நிறுவனத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்கட்டும். முன்பணம் அதற்குப் பிறகு.